பச்சை முடி பிடுங்கும் உத்தியோகம்

“நீ என்ன பிடுங்குகிறாய்?” என்று யாராவது கேட்டால் கோபப்படாமல், நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய தொழில் சிங்கப்பூரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைத்தான் பதினோரு வருஷமாக நான் செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் போய், தொட்டிக்குள் இருக்கும் பாறைகளில் முளைத்த பாசியைப் பிடுங்குகிறேன். பாசி என்றதும் குளத்துப் படியில் வழுக்கிவிடுகிற சமாசாரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது விரல் நீளத்துக்கு இழை இழையாக வளரும். எண்ணெய் வைத்துச் சீவிவிடலாம் போல இருக்கும். ஆங்கிலத்திலேயே இதற்கு முடிப்பாசி என்றுதான் பெயர். என் வாடிக்கையாளர்கள் அதையும் சுருக்கி ‘முடி’ என்பார்கள். ஒருமுறை எம்.ஆர்.டி. ரயிலில் போனபடி, “முடி எவ்ளோ நீளம் இருக்கு? கவலைப்படாதீங்க, வேரோட எடுத்துடலாம், வலிக்காது” என்று போனில் பேசினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இறங்கும்போது என் பார்லர் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். வலிக்காது என்று நான் சொன்னது மீனுக்கு.

இதைப் படிக்கிறவர்களில் தொட்டி வைத்துச் சீரழிகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் துக்கம் எனக்குத் தெரியும், என் துக்கம் உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. தண்ணீரில் சத்து மிஞ்சினால் முடி வளரும். மீனுக்குப் போடுகிற சாப்பாடு மிஞ்சினால் தண்ணீரில் சத்து மிஞ்சும். இவ்வளவுதான் விஷயம், இதற்குப் பட்டம் ஒன்றும் வேண்டாம். ஆனால் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்காமல் ஒருவரையொருவர் தாண்டிப் போகத் தெரியாத நம் ஆட்களிடம், மீனுக்குக் குறைத்துப் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கல்யாண வீட்டு விசாரணை

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் பதினாலு வருஷம் ஃபைல் அடுக்கினேன். ஆபீஸ் ஒருநாள் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மிஸ்டர் கோ என்று ஒருவர் மீன் கடை வைத்திருந்தார். போன் எடுக்க ஆள் வேண்டும் என்றார். போன் எடுக்கத்தான் போனேன். மூன்றாவது வாரம், வீடுகளுக்குப் போய்த் தொட்டி சுத்தம் செய்கிறவர் சொல்லாமல் நின்றுவிட, கோ என் கையில் ஒரு இடுக்கியும் பழைய டூத்பிரஷ்ஷும் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு முழங்கை வரை நனைந்த கை இன்னும் காயவில்லை.

நாத்தனார் மகள் கல்யாண வரவேற்பில், சம்பந்தி அம்மாள் என்னை ஓரமாக உட்காரவைத்து என்ன வேலை என்று கேட்டார். நானும் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக, “மரைன் அக்வேரியம் மெயின்டனன்ஸ்” என்றேன். அப்படியென்றால் என்ன செய்யவேண்டும் என்றார். விளக்கினேன். பிரஷ் விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் ஆறுதலாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப மீனுக்குப் பல் தேச்சு விடறீங்க. பரவால்ல, அதுவும் ஒரு புண்ணியம்தான்.”

பொங்கோல் வீட்டுக் கெடு

பொங்கோலில் இளங்கோ என்று ஒருவர். ரயில் பணிமனையில் இன்ஜினியர்; விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. அவர் மனைவி சுகுணா பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். அவர்கள் ஹாலில் நான்கு அடித் தொட்டி. கல் பொறுக்கியதிலிருந்து தண்ணீர் நிரப்பியது வரை, மிஸ்டர் கோவின் கை படாமல் நான் தனியாக அமைத்த முதல் தொட்டி அது. ஐந்து வருஷம் கண்ணாடி போல இருந்தது. புதிதாக யாராவது வேலைக்குக் கேட்டால், பொங்கோலுக்குப் போய்ப் பாருங்கள் என்று பெருமையாக அனுப்புவேன்.

இந்த வருஷம் ஜனவரியில் திடீரென்று முடி முளைத்தது. பிடுங்கினேன். பிப்ரவரியில் மறுபடி. தண்ணீரை மாற்றினேன், விளக்கின் நேரத்தைக் குறைத்தேன், பாசி தின்னும் நத்தைகளை இறக்கினேன். ஜூலைக்குள் தொட்டி ஷாம்பு விளம்பரம் போல ஆகிவிட்டது. இளங்கோ என்னை உட்காரவைத்து, தீபாவளிக்குள் முடி போகவில்லையென்றால் தொட்டியே போய்விடும், அந்த இடத்தில் சோபா வரும், சுகுணா முடிவு பண்ணிவிட்டாள் என்றார். ரகசியம் போலத்தான் சொன்னார்; மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். என் கையால் பிறந்த தொட்டியை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை நினைக்கவே பொறுக்கவில்லை. சமையலறை வாசலில் சுகுணா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. உங்களால முடியுமா, முடியாதா?”

மஞ்சள் டாங்

டாங் என்று ஒரு மீன் இருக்கிறது. தட்டையாக, எலுமிச்சம்பழ மஞ்சளில் இருக்கும். காலையில் தொடங்கி விளக்கு அணைகிற வரை பாறையை மேய்ந்துகொண்டே இருக்கும், ஆடு மாதிரி. முடிப்பாசிக்கு அதைவிடச் சிறந்த நாவிதர் கிடையாது.

தோ பாயோவில் மாணிக்கம் என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். தொட்டி மேல் உயிரையே வைத்திருப்பவர். முடி வந்துவிட்டது என்று போன் பண்ணினார். நான் அவசரத்தில், “சின்னதா ஒரு டாங் வாங்கி வைங்க, மஞ்சள் கலர் இருந்தா நல்லது, பத்து நாள்ல முடி போயிடும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த வாரம் போனால், பழைய தொட்டிக்குப் பக்கத்தில் புத்தம் புதிதாக இன்னொரு சின்னத் தொட்டி இருக்கிறது. நான்கு பக்கமும் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, தண்ணீர்கூட இல்லை. அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒரு குடும்பத்தைக் கெடுத்தவளைப் பார்க்கிற பார்வை இருந்தது. மாணிக்கம் மட்டும் என் மேல் நம்பிக்கை இழக்கவில்லை.

“மேடம், மஞ்சள்ல டேங்க் எங்கேயும் கிடைக்கல, அதனால நானே தாள் ஒட்டிட்டேன். பக்கத்துலயே வச்சு ஒரு வாரமாச்சு, இன்னும் முடி ஒரு இஞ்சுகூட குறையல லா!”

வேலைக்கு வந்தவர்

அதற்குப் பிறகு யாரிடமும் வாயால் சொல்வதில்லை. மீனையே கையோடு கொண்டுபோய்விடுவேன். இளங்கோ வீட்டுக்கு நான் கொண்டுபோன டாங் சாதாரண டாங் இல்லை. மிஸ்டர் கோ கடையில் பெரிய தொட்டி ஒன்றைப் பத்தே நாளில் வழித்தெடுத்த ஆள். இறக்கிவிட்டு, தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, கவலையை விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மீன் நன்றாகப் பெருத்திருந்தது. முடி இன்னும் நீளமாகியிருந்தது. டாங் அந்த முடிக்கு நடுவில் ஒதுங்கி, விசிறிக் காற்றில் படுத்திருப்பதுபோல இருந்தது. மேய்வதாகவே தெரியவில்லை. யாரோ கூடுதலாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். இளங்கோ சாமி படத்துக்கு முன்னால் நின்று, இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகைதான் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். நான் அதையும் நம்பாமல் மீன் உணவு டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் உணவு கோட்டை விட்டுக் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் இந்த மீன் எதைத் தின்று பெருக்கிறது? நான் தலையைப் பிய்த்துக்கொள்ள, இளங்கோ கண்ணாடியில் மூக்கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வசந்தி, இது வேலைக்கு வந்த மீன் மாதிரி தெரியல. வீட்டோட மாப்பிள்ளையா வந்த மாதிரி இருக்கு.”

மூன்று நாள் இருட்டு

எதுவும் சரிப்படாதபோது கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, மூன்று நாள் இருட்டில் போட்டுவிடுவது. வெளிச்சம் இல்லாமல் முடி வாடும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. தேக்காவுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் புடவைக் கடை வைத்திருக்கும் ராதா வீட்டில் இதைச் சொன்னேன். அடுத்த வாரம் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், வீட்டுக்குள் கறுப்புத் துணியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, வெளிச்சம் போகாமல் இருந்தால் போதும் என்றேன். அவர் கடையிலிருந்து கெட்டியான அரக்குப் பட்டுப்புடவை ஒன்றைக் கொண்டுவந்து, நாலாக மடித்து, ஜரிகைக் கரை முன்பக்கம் தெரிகிற மாதிரி கொசுவம் வைத்துக் கட்டினார். கடைக்காரர் கை, தொட்டி கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

இரண்டாம் நாள் நான் பார்க்கப் போனபோது, தொட்டிக்கு முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஊதுபத்தியும் இருந்தன. அக்கம்பக்கத்தார் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே மோட்டார் வேறு ஓம் என்று மெதுவாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. முதல் ஆளிடமே ராதா உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், கூச்சத்தில் விட்டுவிட்டார். அப்புறம் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. நான் இருக்கும்போதே எதிர்வீட்டு அம்மாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உள்ள இருக்கறது அம்மனா, முருகனா? சொன்னீங்கன்னா நாளைக்கு அதுக்கேத்த பூவா வாங்கிட்டு வருவேன்ல?”

மிஸ்டர் கோவின் கண்டுபிடிப்பு

ராதா வீட்டில் முடி செத்தது. அதே வைத்தியத்தை ஆகஸ்டில் பொங்கோலில் செய்தேன், அங்கேயும் வாடியது. இரண்டே வாரத்தில், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி வளர்ந்தது. வாரா வாரம் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதிவந்தேன். பாஸ்பேட் என்கிற சத்து மூன்று வாரம் இறங்கும், நான்காவது வாரம் குபீரென்று ஏறும். ஏன் என்று தெரியவில்லை. தீபாவளிக்கு ஆறே வாரம் இருந்தது. கனவில்கூடப் பச்சைதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை, தண்ணீரை வடிகட்டும் பையைக் கழுவும்போது அடியில் கறுப்பாக, உருண்டையாக ஐந்தாறு மணிகள் கிடந்தன. நத்தை முட்டை! புது வகை நத்தை ஏதோ பாறையோடு வந்து முட்டை போடுகிறது, அதன் கழிவால்தான் சத்து ஏறுகிறது என்று எனக்கு மூளை மின்னலாக வேலை செய்தது. ஒரு சின்ன டப்பாவில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மணிகளைப் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். மிஸ்டர் கோ பூதக்கண்ணாடி வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு முட்டையைப் பார்த்ததில்லை என்றார். அதற்குக் காற்றுக் குழாய் விட்டு, வெதுவெதுப்பான விளக்கு போட்டு, ‘தொடாதே’ என்று மூன்று மொழியில் எழுதி வைத்தார். ஒரு வாரம் இருவரும் காலையும் மாலையும் எட்டிப் பார்த்தோம். பொரிக்கவில்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் என்னிடமிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கிப்போக ஒருநாள் கடைக்கு வந்தாள். டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டினாள். கோ பதறிப்போய் “ஐயோ, டோன்ட் டச் லா!” என்று கத்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தினமும் இரண்டு வேளை தாளிக்கிற தன் தாயைப் பார்த்தாள்.

“அம்மா, இது கடுகு.”

கறுப்புப் புள்ளி

கடலில் கடுகு கிடையாது. யாரோ தாளித்த எதையோ என் தொட்டியில் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடி நோட்டைப் புரட்டினேன். சுவரில் தேக்கா மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் தொங்கியது. சத்து ஏறிய சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக அதில் தேடினேன். ஒவ்வொன்றுக்கும் சில நாள் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அமாவாசை. எல்லா மாதமும் அமாவாசை. அடுத்த புள்ளி வருகிற வியாழக்கிழமை. அதுவும் சாதாரண அமாவாசை இல்லை, புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சொல்லாமல் பொங்கோலுக்குப் போனேன். இளங்கோ வேலைக்குப் போயிருப்பார் என்று தெரியும். வாசல் கதவு திறந்திருந்தது, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுகுணா கிளினிக்குக்கு லீவு போட்டு, தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். கையில் வாழையிலைத் துண்டு. அதில் சாதம், சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், ஒரு வடை, கொஞ்சம் பாயசம்கூட. தொட்டி மூடியைத் தூக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் “கா... கா... கா...” என்று கூப்பிட்டாள். பாறைக்குப் பின்னாலிருந்து அந்த மஞ்சள் டாங், பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி, விறுவிறுவென்று மேலே வந்தது.

நான் என்னையறியாமல் “சுகுணா!” என்று கத்திவிட்டேன். நல்லவேளை, விழவில்லை. கம்பிக் கதவைத் திறந்ததும் அவள் முதலில் சொன்னது, “அக்கா, இவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்பதுதான். அப்புறம் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, இலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். போன டிசம்பரில் அவள் அப்பா இறந்துவிட்டார். அவள் ஒரே பெண். கோயிலில் செய்யவேண்டியதை இளங்கோ கூடவே நின்று செய்ய வைத்தார். ஆனால் அமாவாசைச் சோறு காக்காவுக்கு வைக்கவேண்டுமே, இங்கே எங்கே வைப்பது? பறவைகளுக்குத் தீனி போட்டால் அபராதம். ஜனவரியில் பயந்து பயந்து ஜன்னல் ஓரத்தில் ஒரு பிடி வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தாளாம். ஒரு காக்காய் வரவில்லை, கீழ்வீட்டுக்காரர் மேலே எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். சோற்றை எடுத்துக்கொண்டு திரும்பினால், தொட்டியில் மீன்களெல்லாம் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு பருக்கை போட்டாள். ஒரு மீன் வந்து சாப்பிட்டது. “அந்த நிமிஷம்தான் எனக்கு அழுகையே வந்துச்சுக்கா, அதுவரைக்கும் வரல” என்றாள். பிறகு இந்த மஞ்சள் மீன் வந்தது. அது முதல் ஆளாக வந்து, மற்றதை விலக்கிவிட்டுச் சாப்பிடுகிறதாம். அப்பாவும் பந்தியில் அப்படித்தானாம்.

அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மாதமாக நான் பிடுங்கிய முடி அத்தனையும் வாழைக்காய்ப் பொரியலில் வளர்ந்த முடி. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. தொட்டியை எடுத்துவிட்டு சோபா போடவேண்டும் என்று முடிவு பண்ணியவளே இவள்தானே? இளங்கோ அதனால்தானே கெடு வைத்தார்? கேட்டேன். சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு மக்காக ஒரு புருஷன் இருப்பானா என்பதுபோலப் பார்த்தாள்.

“அது போன தீபாவளிக்குச் சொன்னதுக்கா. அப்ப எங்கப்பா இருந்தாரு.”

காலாவதியான உத்தரவு

அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது தொட்டி எப்போது போகும் என்று பார்க்க அல்ல, போய்விடுமோ என்று பயந்து. இளங்கோ கெடு வைத்தபோது, மறுத்தால் காரணம் கேட்பாரே, காரணம் சொன்னால் சிரிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டாள். பச்சை முடிக்குத் தன் சோறுதான் காரணம் என்று நான் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. என் அப்பாவுக்குப் போட்டதையா நீங்கள் அள்ளி அள்ளிக் குப்பையில் போட்டீர்கள் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

பேரம் தொடங்கியது. ஒரே ஒரு பருக்கை போடலாமே என்றேன். எங்கப்பா ஒரு பருக்கை சாப்பிடுகிற ஆளா என்றாள். சரி, உறைய வைத்த குட்டி இறால் கடையில் இருக்கிறது, அது தண்ணீரைக் கெடுக்காது என்றேன். அமாவாசை அன்றைக்கு இறாலா என்று எழுந்தே நின்றுவிட்டாள். கடைசியில் நோரி நினைவுக்கு வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் தாள் மாதிரி மடித்து விற்பார்களே, கடல் பாசி, டாங்குக்கு உயிர். உப்பு, எண்ணெய் சேர்க்காததாக வாங்கி, ஒரு துண்டைப் பாறையில் மாட்டிவிடலாம். மிச்சம் இருந்தால் எடுத்துவிடலாம். சுத்த சைவம் என்று அடித்துச் சொன்னேன். இலையில் படைப்பதைத் தொட்டிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டார் சாப்பிடுவது, தண்ணீருக்குள் நோரி மட்டும் என்று முடிவாயிற்று. வெங்காயம் பூண்டு சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்கும்படி எனக்கு உத்தரவு. பாக்கெட்டில் இருந்ததெல்லாம் ஜப்பானிய எழுத்து. பூண்டு இல்லை என்று நானே படித்துச் சொல்லிவிட்டேன், கடவுள் மன்னிப்பார்.

அன்று சாயங்காலமே சுகுணா புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிரிக்கவில்லையாம். சோபாக் கடைக்கு போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் எழுந்துபோய் அவளிடம் ஒரு கேள்வி கேட்டாராம். மறுநாள் எனக்கு போன் பண்ணி அதையே என்னிடமும் ஒருமுறை கேட்டார்; இன்னும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லையாம்.

“இல்ல வசந்தி, தெரியாமத்தான் கேக்கறேன். போன வருஷம் அவ சொன்னதுல வேற எது எதெல்லாம் இப்ப செல்லாது?”

பட்டுப்புடவையும் ஒரு கொத்தும்

சோறு நின்றதும் டாங்குக்குப் பசி வந்தது. முதல் வாரம் கண்ணாடியில் வந்து நின்று எல்லோரையும் முறைத்ததாம். இரண்டாம் வாரம், வேறு வழியில்லாமல், வேலைக்கு வந்தவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். நானும் விடாமல் போய்ப் பிடுங்கினேன். ஒவ்வொரு பாறையாகப் பழைய ஊதா நிறம் வெளியே வந்தது.

தீபாவளிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குத்தான் போனேன். கண்ணாடி போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் மகளின் பரீட்சை மார்க்கைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. ஆனால் பின்னால், இடது பக்க மூலையில், ஒரு பாறையில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு கொத்து முடி ஆடிக்கொண்டிருந்தது. எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. அதை விட்டால் ஒரு மாதத்தில் மறுபடி எல்லாம் பச்சையாகிவிடும். தொழில் தெரிந்தவள் யாரும் விடமாட்டாள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் சொருகி, கைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்து, வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையைத் தண்ணீரில் விட்டேன்.

சுகுணா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இளங்கோவும் நானும் அவளைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. மேலே வந்து நின்ற மஞ்சள் மீனைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்கக்கா. அடுத்த அமாவாசைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல, நடுவுல அவருக்குப் பசிக்கும்.”

இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் பொங்கோலுக்குப் போய், பதினோரு வருஷ அனுபவத்தையும் திரட்டி, அந்த ஒரு கொத்துப் பச்சை முடி வாடாமல் பார்த்துவிட்டு வருகிறேன்.